ஓவுலேஷன், முட்டையிடுறது, சினை விடுறது – மூணும் ஒண்ணா, வேற வேறயா?

நீலவால்:
வணக்கம் மக்களே. ஒரு உயிரியல் வீடியோவுக்குத் தமிழ்ல சப்டைட்டில் போட்டுட்டு இருக்கேன். அதுல ஓவுலேஷன்ங்கிற வார்த்தை திரும்பத் திரும்ப வருது, ஒரு எடத்துல கோழிக்கு, ஒரு எடத்துல மீனுக்கு, ஒரு எடத்துல பொம்பளைங்களுக்கு. தமிழ்ல தேடுனா ஆளாளுக்கு ஒண்ணு எழுதி வச்சிருக்காங்க. அண்டவிடுப்பு, கருமுட்டை வெளிப்படுதல், சினைமுட்டை வெளியேற்றம்னு. ஒரு ஹெல்த் கட்டுரைல "பெண்கள் முட்டையிடும் நாட்கள்"னே போட்டிருக்காங்க, அது எனக்கு சுத்தமா சரியாப் படல. எல்லா உயிருக்கும் ஒரே வார்த்தை போடலாமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, அவசரம் இல்ல.

செவுள்:
நல்ல கேள்வி சகோ. நான் விலங்கியல் எடுக்குறவன், வருஷா வருஷம் பசங்க குழம்புற எடம் இதுதான். ஓவுலேஷன்னா முட்டை சினைப்பைய விட்டு வெளிய வர்றது, அவ்ளோதான். உடம்ப விட்டு வெளிய வர்றது இல்ல. சினைப்பைக்குள்ள ஒவ்வொரு முட்டையும் ஒரு சின்ன உறைக்குள்ள, அதாவது ஃபாலிக்கிள்ல வளருது. அந்த உறை கிழிஞ்சு முட்டை விடுபடுற அந்த ஒரு சம்பவத்துக்குத்தான் அந்தப் பேரு. அதுக்கப்புறம் முட்டை உடம்புக்குள்ளயே இருக்கலாம், குழாய் வழியாப் போகலாம், ஓடு போட்டுக்கலாம், இல்ல கரைஞ்சே போகலாம். உடம்ப விட்டு வெளிய போடுறது முட்டையிடுறது. தண்ணில வாழ்றதுங்க முட்டையையும் விந்தையும் தண்ணிலயே கொட்டுறது ஸ்பானிங், அதத்தான் சினை விடுறதுன்னு சொல்றோம். மூணும் வேற வேற நேரத்துல நடக்குது, வேற வேற உறுப்புல நடக்குது.

நீலவால்:
அப்போ கோழி முட்டை போடுறது ஓவுலேஷன் கிடையாதா?

செவுள்:
கிடையாது. கோழில இத ரொம்பத் தெளிவாப் பாக்கலாம், அதனால அதையே சொல்றேன். நாம மஞ்சக்கருன்னு சொல்றோமே, சினைப்பைல இருந்து வர்றது அது மட்டும்தான். உண்மைல முட்டைங்கிற அந்த செல்லு அதுதான். வெள்ளை, ஜவ்வு, ஓடு எல்லாம் அப்புறம் குழாய்ல வர வர சேர்றது. மஞ்சக்கரு விடுபட்டதும் புனல் மாதிரி இருக்குற குழாய் வாய் அத வாங்கிக்குது, கால் மணி நேரம் போல அங்க இருக்கும், விந்தணு இருந்தா கருத்தரிக்கிறது அந்த எடத்துலதான். அப்புறம் ஒரு மூணு மணி நேரம் வெள்ளைக்கரு சுத்துறது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஜவ்வு, கடைசியா ஓடு போடுறதுக்கு மட்டும் 20 மணி நேரம் கிட்ட. மொத்தமா 24ல இருந்து 26 மணி நேரம் ஆகுது. அதாவது ஓவுலேஷனுக்கும் முட்டையிடுறதுக்கும் நடுவுல ஒரு முழு நாள் இருக்கு. முட்டைய வெளிய போட்டு சுமார் அரை மணி நேரத்துல அடுத்த மஞ்சக்கரு விடுபடும். தினமும் நேரம் இப்படித் தள்ளித் தள்ளிப் போகுறதாலதான் ஒரு கட்டத்துல கோழி ஒரு நாள் விட்டுப் போடுது.

சேவலே இல்லாம கோழி முட்டை போடுறதுக்கும் இதுதான் காரணம், ஓவுலேஷனுக்கு சேவல் தேவையில்ல. இரட்டை மஞ்சக்கரு வந்தா ரெண்டு ஃபாலிக்கிள் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

சாந்தாமரை:
முட்டைய உடைச்சா சில நேரம் மஞ்சக்கரு மேல சின்னதா ரத்தப் புள்ளி இருக்குமே, அது குஞ்சு உருவாக ஆரம்பிச்சதுன்னு சொல்றாங்களே?

செவுள்:
பெரும்பாலும் அது இல்லங்க. ஃபாலிக்கிள் மேல ரத்த நாளமே இல்லாத ஒரு வெள்ளைக் கோடு ஓடும், ஸ்டிக்மான்னு பேரு, வழக்கமா கிழியிறது அந்தக் கோட்டுலதான். கோடு விலகி பக்கத்துல கிழிஞ்சாலோ, பக்கத்துல இருக்குற நுண்ணிய நாளம் ஒண்ணு அறுந்தாலோ ஒரு சொட்டு ரத்தம் மஞ்சக்கரு மேல ஒட்டிக்கும். ஓவுலேஷன் நடந்த அடையாளத்த நாம கண்ணால பாக்குறது அதுலதான்.

குளத்துக்காரன்:
நான் மீன் குஞ்சுப் பண்ணைல வேலை பாக்குறேன், மீனப் பத்தி நான் சொல்லிடுறேன். எங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியலன்னா பொழப்பே நடக்காது. தாய் மீனுக்கு ஹார்மோன் ஊசி போட்டு விடுவோம், சில மணி நேரத்துல முட்டை உறைய விட்டுக் கழண்டு சினைப்பை உள்ளாறயே சேர்ந்து நிக்கும். இதுவரைக்கும் ஓவுலேஷன். மீன் அப்பவும் தண்ணில சும்மாதான் நீந்திட்டு இருக்கும், வெளிய எதுவும் தெரியாது. ஆண் மீன் விரட்டி, ரெண்டும் சேர்ந்து முட்டையையும் விந்தையும் விட்டாத்தான் அது சினை விடுறது. சில நேரம் ஓவுலேஷன் ஆயிடும், மீன் சினை விடாது. அப்போ வயித்த மெதுவா அமுக்கிப் பாப்போம், முட்டை ஒட்டாம ஒண்ணொண்ணா வழுக்கிட்டு வந்தா சரி, அழுத்தியும் வராம இருந்தாலோ, ரத்தத்தோட வந்தாலோ இன்னும் கழளலன்னு அர்த்தம், அத்தோட விட்டுடணும், மேல அமுக்குனா தாய் மீனே போயிடும்.

நேரம் ரொம்ப முக்கியம். கெண்டை மாதிரி வெதுவெதுப்பான தண்ணி மீன்ல முட்டை கழண்டு கொஞ்ச நேரத்துக்குள்ள எடுத்தாகணும், விட்டா உள்ளயே கெட்டுப்போகும், பொரிக்கிறது அப்படியே குறைஞ்சிடும். குளிர் தண்ணில இருக்குற டிரவுட்ல ஒரு வாரம் போல தாங்கும்னு சொல்லுவாங்க.

செவுள்:
அருமையா சொன்னீங்கண்ணே. இதுல ஒரு வரலாறும் இருக்கு. பெரிய கெண்டைங்க தேங்கி நிக்கிற குளத்துல முட்டை வளரும், ஆனா கழளாது, ஓடுற ஆத்துல மழை வெள்ளம் வரும்போதுதான் சினை விடும். 1957 ஜூலை 10ல ஒடிஷாவுல ஹிராலால் சௌத்ரிங்கிற மீன் விஞ்ஞானி, மூளைக்கு அடில இருக்குற பிட்யூட்டரி சுரப்பியோட சாறு ஊசியாப் போட்டுக் கெண்டைகள சினை விட வச்சாரு. இந்தியாவுல அந்த நாளத்தான் மீன் விவசாயிகள் தினம்னு கொண்டாடுறாங்க. முட்டை இல்லாம இல்ல, விடுபடச் சொல்ற உத்தரவு வரலங்கிறதுதான் அங்க இருந்த பிரச்சினை.

மழைத்துளி:
நான் கருத்தரிப்பு மையத்துல செவிலியரா இருக்கேன். மனுஷங்களோடத நான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும், மன்னிச்சுக்கோங்க. ஏன்னா தப்பான தகவல் அதிகமா சுத்துறது இங்கதான், அதனால தினமும் அழுதுட்டு உக்காந்திருக்குறவங்கள நான் பாக்குறேன்.

ஒரு பொண்ணு பொறக்கும்போதே சினைப்பைல 10 லட்சத்துல இருந்து 20 லட்சம் முட்டை இருக்கும், வயசுக்கு வரும்போது 3, 4 லட்சம் மிஞ்சும். அதுல வாழ்நாள் முழுக்க ஓவுலேஷன் ஆகுறது சுமார் 400 மட்டும்தான், மீதி எல்லாம் உள்ளயே அழிஞ்சிடும். ஒவ்வொரு சுழற்சியிலயும் சில ஃபாலிக்கிள் வளர ஆரம்பிக்கும், ஒண்ணு முந்திக்கும். ஸ்கேன்ல அது 2 சென்டிமீட்டர் போல பெருசாத் தெரியும், ஆனா உள்ள இருக்குற முட்டை மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான். ஸ்கேன்ல பாத்துட்டு "என் முட்டை 20 எம்எம் வளந்திருக்கு"ன்னு சொல்லுவாங்க, அது முட்டை இல்ல, முட்டை இருக்குற உறை.

ஃபாலிக்கிள் முத்துனதும் ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் ஏறி, மூளைக்கு அடில இருக்குற பிட்யூட்டரில இருந்து எல்ஹெச் ஹார்மோன் ஒரேயடியா கொட்டும். அது ஏற ஆரம்பிச்சு 34ல இருந்து 36 மணி நேரத்துல ஃபாலிக்கிள் கிழியும். பட்டாசு வெடிக்கிற மாதிரி டப்புன்னு நடக்குறதா எல்லாரும் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. 2008ல பெல்ஜியத்துல ஜாக் டோனேங்கிற டாக்டர் ஒரு அறுவை சிகிச்சை நேரத்துல தற்செயலா அதப் படம் பிடிச்சாரு, முட்டை மெதுவா ஜெல்லி போல கசிஞ்சு வெளிய வர 15 நிமிஷம் ஆச்சு. வந்ததும் கருக்குழாயோட நுனில இருக்குற விரல் போன்ற பகுதி சினைப்பை மேல தடவித் தடவி அத உள்ள இழுத்துக்கும்.

அந்த முட்டைக்கு 12ல இருந்து 24 மணி நேரம்தான் ஆயுசு. விந்தணு உள்ள 5 நாள் வரைக்கும் தாங்கும். அதனாலதான் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள் மொத்தம் 6, ஓவுலேஷன் ஆன நாளும் அதுக்கு முந்தின 5 நாளும். ஓவுலேஷன் ஆனதுக்கு அப்புறம் ட்ரை பண்ணலாம்னு காத்திருந்தா நேரம் போயிடும், இத எத்தனை பேருக்கு சொன்னாலும் போதல.

கார்முகில்:
அக்கா எனக்கு ஒரு டவுட். பீரியட்ஸ் தேதி குறிக்கிற ஆப்ல, பீரியட்ஸ் ஆரம்பிச்சதுல இருந்து 14ம் நாள்தான் ஓவுலேஷன்னு காட்டுது. எனக்கு 35 நாளைக்கு ஒரு தடவைதான் பீரியட்ஸ் வரும். அப்பவும் 14தானா?

மழைத்துளி:
இல்லம்மா. 14ங்கிறது 28 நாள் சுழற்சி உள்ளவங்களுக்கு வர்ற கணக்கு. முன்னாடி இருந்து எண்ணக்கூடாது, அடுத்த பீரியட்ஸ்ல இருந்து பின்னோக்கி எண்ணணும். 1920கள்ல ஜப்பான்ல ஓகினோவும் ஆஸ்திரியால க்னாஸும் தனித்தனியா இதத்தான் கண்டுபிடிச்சாங்க, ஓவுலேஷன் ஆகி சுமார் 14 நாள்ல பீரியட்ஸ் வரும்னு. ஃபாலிக்கிள் கிழிஞ்ச எடம் கார்பஸ் லூட்டியமா மாறி புரோஜெஸ்டிரான் சுரக்கும், கரு தங்கலன்னா அது ரெண்டு வாரத்துல வாடிடும், ஹார்மோன் இறங்கும், உதிரப்போக்கு வரும். அந்தப் பின்பாதி ஆளுக்கு ஆள் கொஞ்சம்தான் மாறும். சுழற்சி நீளுதுன்னா பெரும்பாலும் முன்பாதிதான் நீளுது. உனக்கு 35ன்னா ஓவுலேஷன் 21ம் நாள் பக்கத்துல இருக்கலாம். 14ம் நாள நம்பி இருந்தா ஒரு வாரம் முன்னாடியே முடிச்சுட்டு உக்காந்திருப்ப.

இன்னொண்ணு, 2000ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு. 10ம் நாள்ல இருந்து 17ம் நாளுக்குள்ள அந்த 6 நாளும் முழுசா அடங்குனது வெறும் 30 சதவீதம் பெண்களுக்குத்தான். வழக்கமா சரியா வர்றவங்களுக்கே இப்படின்னா ஆப் சொல்றத எவ்ளோ நம்புறதுன்னு யோசிச்சுக்கோ. ஆப் முட்டையப் பாக்குறதில்ல, நீ போட்ட தேதியத்தான் பாக்குது.

கார்முகில்:
ரொம்ப நன்றிக்கா, இத யாருமே எனக்கு இப்படி சொல்லல.

சாந்தாமரை:
பீரியட்ஸ் வந்தாலே ஓவுலேஷன் ஆயிடுச்சுன்னுதானே அர்த்தம்?

மழைத்துளி:
அதுவும் இல்லங்க. ஓவுலேஷனே ஆகாமலும் உதிரப்போக்கு வரலாம். பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்குறவங்களுக்கு, வயசுக்கு வந்த புதுசுல, மாதவிடாய் நிக்கப் போற காலத்துல இது சகஜம். கர்ப்பப்பை உட்பக்கம் ஈஸ்ட்ரோஜன்னால தடிச்சுட்டே போய் ஒரு கட்டத்துல தாங்காம உதிரும். கருத்தடை மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் மாசா மாசம் வரும், அது மாத்திரைய நிறுத்துற நாள்ல ஹார்மோன் இறங்கி வர்றது, அங்க ஓவுலேஷனையே தடுத்துத்தான் வச்சிருக்கு. தலைகீழாவும் நடக்கும். பிரசவம் ஆகித் தாய்ப்பால் குடுத்துட்டு இருக்குறவங்களுக்கு முதல் பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடியே ஓவுலேஷன் ஆகலாம். "இன்னும் பீரியட்ஸ் வரலையே"ன்னு அலட்சியமா இருந்து அடுத்த குழந்தை தங்கிட்டு வர்றவங்க நிறைய.

சிறுநீர்ல எல்ஹெச் பாக்குற கிட்ல ரெண்டு கோடு வந்தா உத்தரவு போயிருக்குன்னு அர்த்தம், முட்டை விடுபட்டதுக்கு அது சாட்சி இல்ல. சில பேருக்கு எல்ஹெச் ஏறியும் ஃபாலிக்கிள் கிழியாமலே இருந்துடும். பிசிஓஎஸ்ல எல்ஹெச் சாதாரணமாவே அதிகமா இருக்குறதால கிட் வீணா பாசிடிவ் காட்டும். நடந்துச்சான்னு உறுதியாத் தெரியணும்னா ஸ்கேன், இல்லன்னா அடுத்த பீரியட்ஸுக்கு 7 நாள் முன்னாடி புரோஜெஸ்டிரான் ரத்தப் பரிசோதனை. காலைல எழுந்ததும் பாக்குற உடம்பு சூடும் ஓவுலேஷனுக்கு அப்புறம் 0.3ல இருந்து 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறும், ஆனா அது முடிஞ்ச பிறகுதான் தெரியும்.

நீலவால்:
அப்போ ஐவிஎஃப்ல, அதாவது உடம்புக்கு வெளிய கருத்தரிக்க வைக்கிற சிகிச்சைல, முட்டை எடுக்குறாங்களே அதையும் ஓவுலேஷன்னு போடலாமா? வீடியோல அந்தப் பகுதியும் வருது.

மழைத்துளி:
போடாதீங்க. அங்க ஓவுலேஷன் நடக்கவே கூடாதுன்னுதான் நாங்க கடிகாரத்தப் பாத்துட்டு நிப்போம். முட்டைய முதிர வைக்கிற ட்ரிகர் ஊசி போட்டு 34ல இருந்து 36 மணி நேரத்துக்குள்ள, ஃபாலிக்கிள் கிழியப் போற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஊசியால உறிஞ்சி எடுக்குறோம். கிழிஞ்சுட்டா முட்டை வயித்துக்குள்ள போயிடும், கிடைக்காது. அதனால "முட்டை எடுத்தல்"னு எழுதுங்க.

யாழ்நரம்பு:
எனக்கு அண்டவிடுப்புங்கிற சொல்லே ஒட்டல. அண்டம்னா பிரபஞ்சம்தான் எல்லாருக்கும் நினைப்பு வருது. கருமுட்டை வெளிப்படுதல்னே போடுங்க, படிக்கிறவங்களுக்கு சட்டுனு புரியும்.

செவுள்:
அண்டம்னா முட்டைன்னும் பொருள் உண்டுங்க, அதனால தப்பில்ல. கருமுட்டைலதான் எனக்கு நெருடல். விடுபடுற நேரத்துல அதுல கருவே கிடையாது. அந்த செல்லு பிரியிறதக் கூட இன்னும் முடிக்கல, பாதில நின்னுட்டு இருக்கும், விந்தணு உள்ள நுழைஞ்சாத்தான் மீதியை முடிக்கும். நாய்ல இன்னும் விசேஷம், முதிராத நிலைலயே விடுபட்டு குழாய்ல போய் ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் முதிருது. கருமுட்டைன்னு சொன்னதும் உயிர் உண்டாயிடுச்சுன்னு நினைக்கிறவங்க இருக்காங்க. சினைமுட்டைங்கிறது எனக்குப் பிடிச்சது, சினைப்பைன்னு ஏற்கனவே சொல்றோம், மீனுக்கும் பொருந்துது.

மழைத்துளி:
ஆனா தம்பி, எங்க கிட்ட வர்றவங்ககிட்ட சினைன்னு சொன்னா மாட்டுக்கு சொல்ற வார்த்தைன்னு முகம் சுளிப்பாங்க. கருமுட்டைன்னாத்தான் நிம்மதியாக் கேக்குறாங்க. நான் பேசும்போது கருமுட்டைதான், அத மாத்த மாட்டேன்.

பசுமடி:
மாட்டப் பத்தி பேச்சு வந்ததால சொல்றேன். சினைப்பருவம்னு சொல்றது மாடு கத்துறது, மத்த மாடு மேல தாவுறது, கண்ணாடி மாதிரி வழும்பு வர்றது. அது ஓவுலேஷன் இல்ல. மாட்டுல அந்த அறிகுறி எல்லாம் அடங்கி 10, 12 மணி நேரம் கழிச்சுத்தான் முட்டை விடுபடும். அதனாலதான் காலைல அறிகுறி தெரிஞ்சா சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் தெரிஞ்சா மறுநாள் காலைலன்னு சொல்றது. சினை நிக்கலன்னு மாட்டக் குத்தம் சொல்றவங்கள்ல பாதிப்பேரு நேரத்தத் தவற விட்டவங்க.

யாழ்நரம்பு:
பூனைக்கு இணை சேர்ந்தாத்தான் முட்டையே விடுபடும்னு படிச்சேன், உண்மையா?

செவுள்:
உண்மை. பூனை, முயல், கீரி மாதிரி இருக்குற ஃபெரெட், ஒட்டகம் இதெல்லாம் அந்த வகை. முயல்ல இணை சேர்ந்து சுமார் 10 மணி நேரத்துல ஓவுலேஷன் ஆகும். ஒட்டகத்துல இன்னும் வியப்பு, ஆணோட விந்துத் திரவத்துல இருக்குற ஒரு புரதமே பெண்ணோட மூளைக்கு சேதி அனுப்பி எல்ஹெச்ச சுரக்க வைக்குது. நாய், மாடு, மனுஷன் எல்லாம் இணை இருந்தாலும் இல்லாட்டியும் தன்பாட்டுக்கு விடுற வகை.

தவளைல நடந்தது எனக்கு எப்பவும் மனசுல நிக்கிற விஷயம். 1930கள்ல லான்சலாட் ஹாக்பென்ங்கிற விஞ்ஞானியோட வேலைல இருந்து ஒரு கர்ப்பப் பரிசோதனை வந்துச்சு. பெண்ணோட சிறுநீர ஆப்பிரிக்கத் தவளைக்கு ஊசி போட்டா, அவ கர்ப்பமா இருந்தா தவளை ஒரு நாளுக்குள்ள முட்டை போட்டுடும். கர்ப்பத்துல சுரக்குற ஹெச்சிஜி ஹார்மோன் எல்ஹெச் மாதிரியே வேலை செய்யுது, அதனால தவளையோட ஃபாலிக்கிள் கிழிஞ்சிடுது. ஐவிஎஃப்ல மழைத்துளி அக்கா சொன்ன ட்ரிகர் ஊசில பல நேரம் இருக்குறதும் அதே ஹெச்சிஜிதான்.

நீலவால்:
பவளப்பாறை ஒண்ணு மிச்சம் இருக்கு. ராத்திரில பவளம் எல்லாம் ஒரே நேரத்துல இளஞ்சிவப்பு உருண்டையா மேல அனுப்புது, வர்ணனைல ஸ்பானிங்னுதான் சொல்றாங்க.

குளத்துக்காரன்:
அது சினை விடுறதுதான் தம்பி, வேற யோசிக்க வேணாம்.

செவுள்:
ஆமா, ஓவுலேஷன்னு மட்டும் போட்டுடாதீங்க. ஆஸ்திரேலியாவோட பெரிய தடுப்புப் பவளத்திட்டுல பௌர்ணமி கழிஞ்சு சில நாள்ல, வசந்தத்தோட கடைசில, நிறைய இனம் சேர்ந்து விடுது. 1980களோட தொடக்கத்துலதான் ஆராய்ச்சியாளர்கள் இத முதல்ல பதிவு பண்ணாங்க. அந்த உருண்டைல பல இனத்துக்கு முட்டையும் விந்தும் சேர்ந்தே கட்டி இருக்கும். அதனால "முட்டைகள வெளிவிடுது"ன்னு மட்டும் எழுதுனாலும் பாதிதான் சொன்ன மாதிரி ஆகும்.

கார்முகில்:
மழைத்துளி அக்கா, கடைசியா ஒண்ணே ஒண்ணு. எங்க அண்ணிக்கு ஒரு பக்கக் கருக்குழாய எடுத்துட்டாங்க. ஒரு மாசம் வலது, ஒரு மாசம் இடதுன்னு மாறி மாறி விடுபடும், அதனால இனிமே ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் வாய்ப்புன்னு யாரோ சொல்லி, பாவம் ரொம்ப உடைஞ்சு போயிருக்காங்க.

மழைத்துளி:
அண்ணிகிட்ட சொல்லும்மா, அப்படி முறை வச்சு மாறுறது கிடையாது. எந்தப் பக்கம் ஃபாலிக்கிள் முந்துதோ அந்தப் பக்கம் விடுபடும், தொடர்ந்து ஒரே பக்கமும் வரலாம். அதோட, குழாய் இல்லாத பக்கம் முட்டை விடுபட்டாலும் எதிர்ப்பக்கக் குழாய் அத வாங்கிக்க முடியும். சினைப்பையும் குழாயும் ஒட்டிப் பிறந்தது இல்ல, குழாய் நுனி கொஞ்சம் நகரும். இப்படிக் குழந்தை தங்குனவங்க இருக்காங்க. இருக்குற குழாய் திறந்திருக்கான்னு மட்டும் டாக்டர்கிட்ட கேட்டு ஒரு தடவை பாத்துக்கச் சொல்லு. முன்ன குழாய்ல கரு தங்கி அதுக்காக எடுத்திருந்தா, அடுத்து நாள் தள்ளுன உடனே சீக்கிரமே ஸ்கேனுக்குப் போகணும், அத மறக்க வேண்டாம்னு சொல்லு.